டானஃப் உதவி வாங்கும் குடும்பங்களுக்கு: வேலை நிபந்தனையை நிறைவேற்றுவதும் பயிற்சியைக் கேட்டு வாங்குவதும்

அமெரிக்காவில் குழந்தைகளோடு வருமானம் இல்லாமல் நிற்கும் குடும்பத்துக்கு மாதாமாதம் கிடைக்கும் ரொக்க உதவிக்கு டானஃப் என்று பெயர். உணவு வாங்க உதவும் ஃபுட் ஸ்டாம்ப் வேறு, மருத்துவச் செலவுக்கான மெடிகெய்ட் வேறு. இது வாடகைக்கும் பஸ்ஸுக்கும் துணிமணிக்கும் செலவழிக்கக் கூடிய பணம். நம் தமிழ்க் குடும்பங்களில் இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் கணவர் விட்டுப்போன பெண், தஞ்சம் கிடைத்து வந்த ஈழத்துக் குடும்பம், வேலை போய்ச் சேமிப்பும் கரைந்த வீடு என்று இது தேவைப்படுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கூச்சப்பட்டுக் கூச்சப்பட்டுக் கடைசி நேரத்தில் கவுண்டி ஆபீசுக்குப் போகிறார்கள். உதவிக்கு ஈடாக வாரம் எத்தனை மணி வேலையோ பயிற்சியோ செய்ய வேண்டும் என்று கேஸ் வொர்க்கர் எழுதி நீட்டும் தாளில் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள்.

இந்த உதவி எத்தனை மாதம் நிலைக்கும், அது முடியும்போது உங்கள் கையில் ஒரு தொழில் இருக்குமா என்பதையெல்லாம் பெரும்பாலும் அந்தத் தாள்தான் தீர்மானிக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் அதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1935 முதல் இருந்துவந்த பழைய உதவித் திட்டத்தை எடுத்துவிட்டு, 1996 ஆகஸ்ட் 22 அன்று அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம் டானஃபைக் கொண்டுவந்தது. மத்திய அரசு ஆண்டுக்குச் சுமார் 1,650 கோடி டாலரை மாநிலங்களுக்கு மொத்தமாகக் கொடுக்கிறது. விதிகளில் பெரும்பகுதியை மாநிலங்களே எழுதிக்கொள்கின்றன. பெயரும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: கலிஃபோர்னியாவில் கால்வொர்க்ஸ், நியூ ஜெர்சியில் வொர்க்ஃபர்ஸ்ட் என்.ஜே., ஒஹாயோவில் ஒஹாயோ வொர்க்ஸ் ஃபர்ஸ்ட். கீழே நான் சொல்லும் மணிக்கணக்குகள் மத்திய விதிகள். உங்கள் மாநிலம் இதைவிடக் கடுமையாகவோ தளர்வாகவோ வைத்திருக்கலாம், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

படி 1: நிபந்தனை உங்களுக்குப் பொருந்துமா?

முதலில் குடியேற்ற நிலையைப் பாருங்கள். எச்-1பி, எச்-4, எஃப்-1 விசாக்களில் இருப்பவர்களுக்கு மத்திய டானஃப் கிடையாது. க்ரீன் கார்டு வைத்திருப்பவர்கள் பொதுவாக 5 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அகதிகளுக்கும் தஞ்சம் வழங்கப்பட்டவர்களுக்கும் அந்தக் காத்திருப்பு இல்லை. கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்கள் 5 ஆண்டு முடியாத க்ரீன் கார்டுக்காரர்களுக்குத் தங்கள் சொந்தப் பணத்திலிருந்து உதவுகின்றன. குடும்ப உறவு வழியாக க்ரீன் கார்டு வாங்கியிருந்தால், உங்களுக்கு ஸ்பான்சராகக் கையெழுத்திட்டவரின் வருமானத்தையும் உங்கள் வருமானமாகச் சேர்த்துப் பார்ப்பார்கள்.

உங்களுக்குத் தகுதி இல்லாவிட்டாலும், இங்கே பிறந்த குழந்தைக்குத் தகுதி இருக்கலாம். அப்போது குழந்தைக்கு மட்டும் உதவி வரும். அந்த வகைக் கேஸில் பெற்றோர்மேல் பொதுவாக வேலை நிபந்தனை கிடையாது, மத்தியப் பணத்தில் வாழ்நாளில் 60 மாதம்தான் உதவி என்ற கெடுவும் ஓடாது. இது தெரியாமல், "எனக்கு இல்லையென்றால் என் பிள்ளைக்கும் இல்லை" என்று திரும்பி வந்துவிடுகிறவர்கள் உண்டு.

க்ரீன் கார்டுக்கு இனிமேல்தான் விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்றால், உங்கள் பெயரில் வாங்கும் ரொக்க உதவி 'அரசுக்குச் சுமை ஆவார்களா' என்ற பரிசீலனையில் பார்க்கப்படும் ஒன்று. அகதிகளுக்கும் தஞ்சம் பெற்றவர்களுக்கும் அந்தப் பரிசீலனை இல்லை. மற்றவர்கள் விண்ணப்பிக்கும் முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் பேசிவிடுங்கள். சமூக ஊடகத்தில் படித்ததை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

அப்புறம், விலக்குகள். ஒரு வயது நிரம்பாத குழந்தையோடு தனியாக இருக்கும் பெற்றோருக்கு மாநிலம் விலக்கு அளிக்கலாம். பல மாநிலங்களில் உடல்நலக் குறைவு, ஊனமுற்ற குடும்பத்தினரை வீட்டில் கவனித்துக்கொள்வது போன்றவையும் காரணமாக ஏற்கப்படுகின்றன. வீட்டில் அடி, மிரட்டல் இருந்திருந்தால் அதைச் சொல்லுங்கள். குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்கு வேலை நிபந்தனை, கால வரம்பு, குழந்தைச் செலவுக்காக முன்னாள் கணவரைத் தேடும் நடவடிக்கைக்கு ஒத்துழைக்க வேண்டும் என்ற நிபந்தனை ஆகியவற்றைத் தளர்த்த மாநிலங்களுக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. அந்த மூன்றாவது முக்கியமானது. சாதாரணமாக ஒத்துழைக்க மறுத்தால் உதவியில் குறைந்தது 25 சதவீதம் பிடிப்பார்கள். அவர் இருக்கும் இடம் தெரிந்தால் உயிருக்கே ஆபத்து என்ற நிலையில், வெட்கப்பட்டு மறைக்கிற விஷயம் இல்லை இது.

படி 2: வாரத்துக்கு எத்தனை மணி?

மத்திய விதிப்படி கணக்கு இப்படிப் போகிறது. தனியாகக் குழந்தை வளர்ப்பவருக்கு வாரம் சராசரியாக 30 மணி. கடைசிக் குழந்தைக்கு 6 வயது ஆகவில்லை என்றால் 20 மணி போதும். கணவன் மனைவி இருவரும் இருக்கும் குடும்பத்துக்கு இருவருக்கும் சேர்த்து 35 மணி. அந்தக் குடும்பம் மத்திய அரசுப் பணத்தில் டே கேர் உதவியும் வாங்கினால் 55 மணி.

இது மாதச் சராசரி. ஒரு வாரம் 14 மணி, அடுத்த வாரம் 26 மணி என்று வந்தாலும் சராசரி சரியாக இருந்தால் மத்திய கணக்குக்குப் போதும். கேஸ் வொர்க்கர் வாராவாரம் கணக்குக் கேட்டால், உங்கள் மாநில விதி அப்படியா என்று விசாரியுங்கள்.

ஆபீசில் ஏன் இவ்வளவு விடாப்பிடியாக இருக்கிறார்கள் என்பதற்கும் காரணம் உண்டு. உதவி வாங்கும் குடும்பங்களில் 50 சதவீதம், இரு பெற்றோர் குடும்பங்களில் 90 சதவீதம் இந்த மணிகளை எட்ட வேண்டும் என்பது மாநிலத்தின் மேல் உள்ள இலக்கு. தவறினால் மாநிலத்துக்கே அபராதம் விழும். பயனாளிகள் எண்ணிக்கை குறைந்திருந்தால் இலக்கில் சலுகை கிடைக்கும். அந்தச் சலுகைக்கான அடிப்படை ஆண்டை 2023-இல் வந்த சட்டம் 2005-இலிருந்து 2015-க்கு மாற்றிவிட்டது. 2025 அக்டோபரில் அது நடைமுறைக்கு வந்ததால் பல மாநிலங்களுக்கு இலக்கை எட்டுவது முன்பைவிடக் கடினம். அந்த நெருக்கடி கடைசியில் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் கேஸ் வொர்க்கர் மேலும் உங்கள் மேலும்தான் வந்து இறங்குகிறது.

படி 3: எந்த மணி கணக்கில் சேரும்?

சட்டத்தில் 12 வகை நடவடிக்கைகள் இருக்கின்றன. அவற்றில் 9 முதன்மை வகை. சம்பள வேலை, அரசு மானியத்தோடு தனியார் அல்லது அரசு இடத்தில் வேலை, வேலையிலேயே பயிற்சி, சம்பளமில்லாப் பணி அனுபவம், சமூக சேவை, வேலை தேடுதல், தொழிற்கல்வி, சமூக சேவைக்குப் போகும் இன்னொருவரின் குழந்தையைப் பார்த்துக்கொள்வது ஆகியவை இதில் அடக்கம். மீதி 3 துணை வகை: வேலைத்திறன் பயிற்சி, பள்ளிப்படிப்பு முடிக்காதவர்களுக்கான வேலை சார்ந்த கல்வி, உயர்நிலைப் பள்ளி அல்லது அதற்குச் சமமான ஜி.இ.டி. படிப்பு.

30 மணி செய்ய வேண்டியவருக்கு முதல் 20 மணி முதன்மை வகையில் இருக்க வேண்டும். மீதி 10 மணிதான் துணை வகையில் வரலாம். 20 மணிக்காரருக்கு அந்த 20-ம் முதன்மை வகையிலேயே இருக்க வேண்டும். 20 வயதுக்கு உட்பட்ட பெற்றோருக்குப் பள்ளிக்கு ஒழுங்காகப் போவதே போதும் என்ற தனிச் சலுகை இருக்கிறது.

இதில் இரண்டு வரம்புகளைக் கவனமாகச் செலவழிக்க வேண்டும். வேலை தேடும் மணிகள் பொதுவாக ஆண்டுக்கு 6 வாரம்தான் கணக்கில் சேரும், தொடர்ச்சியாக 4 வாரத்துக்கு மேல் சேராது. தொழிற்கல்வி வாழ்நாளில் 12 மாதம்தான் முதன்மை வகையாகச் சேரும்.

அந்த 12 மாதம் உங்கள் சொத்து. பிடிக்காத, வேலை கிடைக்காத ஒரு கோர்ஸில் அதைக் கரைத்துவிட்டால் திரும்ப வராது. 12 மாதம் முடிந்த பிறகும் படிக்கலாம், ஆனால் அந்த மணிகள் வேலைத்திறன் பயிற்சி என்ற துணை வகைக்குப் போய்விடும். கூடவே 20 மணி வேலையும் செய்ய வேண்டியிருக்கும்.

வீட்டிலிருந்து தையல், டிஃபன், குழந்தை பார்ப்பது என்று சொந்தமாகச் சம்பாதிப்பவர்களுக்கு ஒரு கணக்கு. மத்திய விதிப்படி, மொத்த வரவில் தொழில் செலவைக் கழித்து, மிச்சத்தை மத்திய குறைந்தபட்சக் கூலியான 7.25 டாலரால் வகுத்தால் வருவதுதான் உங்கள் வேலை மணி. மாதம் செலவு போக 580 டாலர் நின்றால் 80 மணி, அதாவது வாரம் ஏறத்தாழ பதினெட்டரை மணி. நீங்கள் உண்மையில் எவ்வளவு நேரம் அடுப்படியில் நின்றீர்கள் என்பது அங்கே எடுபடாது. ஆகவே வரவு செலவுக் கணக்கை எழுதி வைத்திருங்கள்.

படி 4: திட்டத்தில் கையெழுத்துப் போடும் முன்

உங்கள் படிப்பு, முன் அனுபவம், வேலைக்குப் போகும் தகுதி ஆகியவற்றை மாநிலம் ஆரம்பத்திலேயே மதிப்பிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தச் சந்திப்பில் பேசுவதை வைத்துத்தான் பெரும்பாலான இடங்களில் உங்கள் தனித்திட்டத்தை எழுதுகிறார்கள். வாரம் எத்தனை மணி, எங்கே, என்ன வேலை, எந்தப் பயிற்சி, குழந்தையை யார் பார்ப்பார்கள், போக்குவரத்துக்கு என்ன வழி என்று எல்லாம் அதில் வரும்.

நம்மவர்கள் இங்கே செய்யும் பெரிய தவறு, மரியாதை என்று நினைத்து எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது. "நாளைக்கே வேலைக்குப் போகிறேன், எந்த வேலையானாலும் சரி" என்று சொன்னால் நல்ல பெயர் கிடைக்கும் என்று தோன்றும். கேஸ் வொர்க்கர் அதை அப்படியே எழுதிக்கொள்வார். திட்டத்தில் 'வேலை தேடுதல், வாரம் 30 மணி' என்று மட்டும் இருக்கும். வேலை கிடைக்காமல் போனால் அடுத்தபடியாகச் சம்பளமில்லாப் பணி அனுபவத்துக்கு அனுப்பிவிடுவார்கள். பயிற்சி என்ற பேச்சே வராது.

அதனால் போகும்போதே ஒரு கோரிக்கையோடு போங்கள். எந்த வேலை, அதற்கு எந்தச் சான்றிதழ், எந்தக் கல்லூரியில், எத்தனை வாரம், வகுப்பு நேரம் என்ன, எப்போது ஆரம்பம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். "ஏதாவது படிக்க வேண்டும்" என்று சொல்கிறவரைத் தள்ளிவிடுவது எளிது. கோர்ஸ் பெயரும் தேதியும் போட்டு எழுதிக் கொடுத்தவரைத் தள்ள வேண்டுமானால் அவர்கள் ஒரு காரணம் எழுத வேண்டியிருக்கும்.

ஒரு உதாரணம் பார்ப்போம். 4 வயது, 9 வயது என்று இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருக்கும் ஒரு தாய் என்று வைத்துக்கொள்வோம். சின்னவனுக்கு 6 ஆகாததால் அவருக்கு 20 மணி. முதியோர் இல்லங்களில் வேலை செய்யும் நர்சிங் உதவியாளர் சான்றிதழ் வாங்க நினைக்கிறார். இந்தப் பயிற்சிக்கு மத்திய விதிப்படி குறைந்தது 75 மணி வேண்டும், பல மாநிலங்கள் அதைவிட அதிகம் கேட்கின்றன. அவருடைய வகுப்பு வாரம் 12 மணி. மீதி 8 மணிக்கு எங்கே போவது? பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள், வகுப்பு முடிந்து ஓடிப்போய் எங்கேயாவது சம்பளமில்லாமல் துணி மடித்துக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அது தேவையில்லாமல் போகலாம். வகுப்பின் ஒவ்வொரு மணிக்கும், வீட்டில் படிக்கும் நேரம் ஒரு மணி வரை சேர்க்கலாம் என்று 2008-இல் வந்த மத்திய விதி சொல்கிறது. அந்த அளவு வீட்டுப்பாடம் இந்தக் கோர்ஸுக்குத் தேவை என்று கல்லூரி எழுத்தில் கொடுத்தால் போதும். 12 வகுப்பு மணியும் 8 வீட்டுப்பாட மணியும் சேர்ந்து 20 ஆகிவிடும். "வீட்டுப்பாட நேரம் சேர்க்கப்படும்" என்ற வரி திட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள்.

ஊரில் டிகிரி முடித்துவிட்டு இங்கிலீஷில் தயங்கும் பெண்கள் நம்மிடையே நிறைய. அவர்களுக்கு ஆங்கில வகுப்பும் கணக்கில் சேர வழி இருக்கிறது. தொழிற்கல்வியின் ஒரு பகுதியாக ஆங்கிலம் கற்பித்தால் முதன்மை வகை. வேலைக்காகத் தனியாகப் படித்தால் வேலைத்திறன் பயிற்சி. அதேபோல ஊர்ப் படிப்பை அமெரிக்கக் கணக்கில் மதிப்பிட்டு வாங்கும் கட்டணம், தேர்வுக் கட்டணம், சீருடை, காலணி, புத்தகம், பஸ் பாஸ் ஆகியவற்றைத் துணைச் சேவை என்ற தலைப்பில் பல மாநிலங்கள் கொடுக்கின்றன. கேட்காமல் கொடுப்பது அபூர்வம். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றால் முதல் நாளே தமிழ் என்று சொல்லுங்கள். 1964-ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டத்தின் கீழ் மத்தியப் பணம் வாங்கும் அலுவலகங்கள் மொழி காரணமாக யாரையும் ஒதுக்கக் கூடாது. தொலைபேசி வழியாக இலவசமாக ஏற்பாடு செய்வது வழக்கம். பள்ளியில் படிக்கும் பிள்ளையைக் கூட்டிப்போய் மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அப்பாவின் அடியைப் பற்றியோ அம்மாவின் கடனைப் பற்றியோ அந்தப் பிள்ளை வாயால் சொல்ல வேண்டிய நிலை வரக் கூடாது.

படித்துப் பார்க்க நேரம் கேளுங்கள். முடியாத மணிக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். இரவில் பஸ் இல்லாத இடத்தில் மாலை வேலை என்று எழுதியிருந்தால், அது பின்னால் உங்கள் தவறாகத்தான் பதிவாகும். கையெழுத்திட்ட பிரதி ஒன்றை வாங்காமல் எழுந்திருக்க வேண்டாம்.

படி 5: படிப்புச் செலவுக்குப் பணம்

டானஃப் ஆபீசே முழுக் கட்டணத்தையும் கட்டுவது எல்லா இடத்திலும் நடக்காது. ஆனால் 2014-இல் வந்த தொழிலாளர் பயிற்சிச் சட்டத்தின் கீழ் நாடு முழுக்க அமெரிக்கன் ஜாப் சென்டர்கள் இருக்கின்றன. பெரியவர்களுக்கான அந்தப் பயிற்சிப் பணத்தில் அரசு உதவி வாங்குபவர்களுக்கு முன்னுரிமை உண்டு. தகுதி கிடைத்தால் உங்கள் பெயரில் ஒரு பயிற்சிக் கணக்கு திறந்து, மாநிலம் அங்கீகரித்த பட்டியலில் உள்ள பள்ளிக்குக் கட்டணம் கட்டுவார்கள். அந்தப் பட்டியலில், படித்து முடித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்ற விவரத்தையும் தேடிப் பாருங்கள். விளம்பரத்தைவிட அது உண்மை பேசும்.

கல்லூரிப் படிப்பு என்றால் மத்திய அரசு கொடுக்கும் பெல் கிராண்ட் என்ற உதவித்தொகை. 2025–26 கல்வியாண்டில் அதிகபட்சம் 7,395 டாலர், திருப்பிக் கட்ட வேண்டாம். க்ரீன் கார்டு, அகதி, தஞ்சம் பெற்றவர் ஆகியோருக்கும் தகுதி உண்டு. 8 வாரத்துக்குக் குறையாத, 15 வாரத்துக்கு உட்பட்ட குறுகிய தொழிற்பயிற்சிகளுக்கும் 2026 ஜூலை 1 முதல் பெல் கொடுக்கச் சட்டம் வந்திருக்கிறது. அங்கீகாரம் பெற்ற கோர்ஸ்களுக்குத்தான் அது பொருந்தும். இந்த இரண்டையும் கேட்டுப் பார்க்காமல் கடன் வாங்கித் தனியார் பயிற்சி நிறுவனத்தில் சேருவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். சான்றிதழ் வராமல் கடன் மட்டும் மிஞ்சிய பெண்களுக்கு அதைக் கட்டி முடிக்கவே ஆண்டுகள் ஆகின்றன.

படி 6: குழந்தையை யார் பார்ப்பது?

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். 6 வயது ஆகாத குழந்தையோடு தனியாக இருக்கும் பெற்றோர், பொருத்தமான டே கேர் கிடைக்காததால் வேலைக்குப் போக முடியவில்லை என்று நிரூபித்தால், அதற்காக மாநிலம் உதவியைக் குறைக்கவோ நிறுத்தவோ முடியாது. இது மத்தியச் சட்டம். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கலாம்: வீட்டிலிருந்தோ வேலையிடத்திலிருந்தோ நியாயமான தூரத்தில் டே கேர் இல்லை, உறவினர் அல்லது தெரிந்தவர் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு பொருத்தமாக இல்லை, அல்லது கட்டக் கூடிய செலவில் முறையான டே கேர் கிடைக்கவில்லை.

நிரூபிப்பது எப்படி? ஒரு நோட்டில் தேதி, டே கேர் பெயர், பேசியவர் யார், என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். "மார்ச் வரை இடம் இல்லை", "இரண்டு வயதுக்குக் கீழே எடுப்பதில்லை", "ஆறு மணிக்கு மூடிவிடுவோம்" என்று அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே. முடிந்தால் மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். அதைப் பிரதி எடுத்துக் கேஸ் வொர்க்கரிடம் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை கேளுங்கள். வாயால் "டே கேர் கிடைக்கவில்லை" என்று சொன்னது கோப்பில் ஏறாது.

இந்தப் பாதுகாப்பு இருக்கும்போதும் 60 மாதக் கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே தேடுவதை விடாதீர்கள்.

படி 7: டைம் ஷீட்

சம்பள வேலை என்றால் சுலபம். பே ஸ்டப் காட்டினால் மாநிலம் அதை வைத்து 6 மாதம் வரை அதே மணிகளை முன்கூட்டிக் கணக்கிடலாம். சம்பளமில்லாத நடவடிக்கைகளுக்கும் பயிற்சிக்கும்தான் தினசரிப் பதிவு. உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், மேற்பார்வையாளர் அல்லது ஆசிரியர் கையெழுத்து. வார இறுதியில் மொத்தமாக ஐந்து கையெழுத்து வாங்கலாம் என்று விடாதீர்கள். அந்த வெள்ளிக்கிழமை ஆசிரியர் லீவு போட்டால் உங்கள் 12 மணி காற்றில் போய்விடும். வகுப்பு முடிந்து பையை எடுக்கும் முன் கையெழுத்து வாங்குவதைப் பழக்கமாக்குங்கள். கொடுப்பதற்கு முன் போனில் படம் எடுத்து, மாதவாரியாகச் சேமித்து வையுங்கள்.

குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் போக முடியாவிட்டால் குடி முழுகிவிடாது. சம்பளமில்லா நடவடிக்கைகளில் தகுந்த காரணத்தோடு எடுக்கும் விடுப்பை ஆண்டுக்கு 80 மணி வரை, மாதத்துக்கு 16 மணிக்கு மிகாமல், வருகையாகவே சேர்க்க மத்திய விதி இடம் கொடுக்கிறது. அதுபோக ஆண்டுக்கு 10 விடுமுறை நாள்கள். அன்றைக்கே தகவல் சொல்லி, மருத்துவர் சீட்டை இணைத்துவிடுங்கள்.

சம்பளமில்லாப் பணி அனுபவத்துக்கு அனுப்பினால் இன்னொன்றையும் கணக்குப் பாருங்கள். இந்த வேலைக்கும் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொதுவாகப் பொருந்தும். உங்களுக்கு வரும் உதவித் தொகையைக் குறைந்தபட்சக் கூலியால் வகுத்தால் வரும் மணிக்கு மேல் உங்களை வேலை வாங்கக் கூடாது. மிசிசிப்பியில் மூன்று பேர் குடும்பத்துக்கு 2021-இல் உயர்த்திய பிறகும் அதிகபட்சம் மாதம் 260 டாலர்தான். 260-ஐ 7.25-ஆல் வகுத்தால் 35 மணிதான் வரும், அதுவும் மாதத்துக்கு. ஃபுட் ஸ்டாம்பாக 500 டாலர் வந்து, மாநிலம் அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் 104 மணி. அதற்கு மேல் கேட்டால் சட்ட உதவி மையத்திடம் போங்கள்.

படி 8: சாங்ஷன் (தண்டனையாக உதவியைக் குறைக்கும்) நோட்டீஸ் வந்தால்

தகுந்த காரணம் இல்லாமல் நிபந்தனையை மீறினால் மாநிலம் உதவியைக் குறைத்தே ஆக வேண்டும். பல மாநிலங்களில் உங்கள் பங்கு மட்டுமில்லை, குடும்பத்தின் மொத்தத் தொகையும் நின்றுபோகும். ரொக்கம் குறைந்ததே என்று ஃபுட் ஸ்டாம்ப் கூடிவிடாது, சாங்ஷனால் வந்த குறைவை அங்கே ஈடுகட்ட மாட்டார்கள்.

தபாலைப் பிரிக்கப் பயந்து மேசை டிராயரில் போட்டு வைக்காதீர்கள். நோட்டீஸில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: எந்த நாள் எந்த நடவடிக்கையைத் தவறவிட்டதாகச் சொல்கிறார்கள், எந்தத் தேதியிலிருந்து குறைப்பு, மேல்முறையீட்டு விசாரணை கேட்கக் கடைசித் தேதி என்ன. பெரும்பாலான சாங்ஷன்கள் வேலைக்குப் போக மறுத்ததால் வருவதில்லை, ஒரு தாள் போய்ச் சேராததால் வருகின்றன என்பது என் திடமான எண்ணம். நீங்கள் சேமித்து வைத்த டைம் ஷீட் படம் இங்கேதான் உதவும். முதலில் கேஸ் வொர்க்கரிடம் எழுத்தில் கொடுங்கள். ஆனால் அவர் "பார்க்கிறேன்" என்று சொன்னதை நம்பி விசாரணைத் தேதியைத் தவற விடாதீர்கள், இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள்.

உதவியை நிறுத்தும் முன் விசாரணைக்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்று 1970-இல் கோல்ட்பர்க் எதிர் கெல்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்றும் பல மாநிலங்களில், குறைப்பு தொடங்கும் முன்பே விசாரணை கேட்டால், முடிவு வரும் வரை பழைய தொகையே வரும். தோற்றால் அந்தத் தொகையைத் திருப்பிக் கேட்கலாம் என்பதையும் யோசித்து முடிவெடுங்கள். ஏழைகளுக்கான சட்ட உதவி மையங்கள் பணம் வாங்காமல் வாதாடும். 211-க்கு அழைத்தால் பெரும்பாலான இடங்களில் அருகிலுள்ள மையத்தைச் சொல்வார்கள்.

படி 9: வேலை கிடைத்த பிறகு

முதல் சம்பளம் வந்ததும் உதவி முழுக்க நிற்க வேண்டும் என்பதில்லை. பல மாநிலங்கள் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கணக்கில் எடுப்பதில்லை. எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் சம்பளத்தை மறைக்காதீர்கள். மெடிகெய்ட் சம்பளத்தால் நின்றுபோகும் குடும்பங்களுக்கு 12 மாதம் வரை அதை நீட்டிக்கும் இடைக்கால ஏற்பாடு உண்டு. டே கேர் உதவியும் அன்றோடு முடிந்துவிடுவதில்லை, தனியாக விண்ணப்பிக்க வேண்டுமா என்று கேளுங்கள். அடுத்த ஆண்டு வரிக் கணக்குத் தாக்கல் செய்து, உழைப்பு வருமானத்துக்கான வரிச் சலுகையை வாங்குங்கள். அந்த ரீஃபண்ட் உதவிக் கணக்கில் வருமானமாகச் சேராது, 12 மாதத்துக்குச் சொத்தாகவும் சேராது.

2025 ஜூலை 4-இல் வந்த சட்டத்தால் மற்ற இரண்டு உதவிகளிலும் வேலை நிபந்தனை இறுகியிருக்கிறது. 14 வயதுக்குக் கீழ்க் குழந்தை இல்லாத, 64 வயது வரையுள்ள பெரியவர்கள் ஃபுட் ஸ்டாம்புக்கு மாதம் 80 மணி காட்ட வேண்டும். இல்லையென்றால் 3 ஆண்டில் 3 மாதம்தான் கிடைக்கும். மூத்த பிள்ளைகள் மட்டும் இருக்கும் பெற்றோருக்கு இது புதிது. குறைந்த வருமானமுள்ள பெரியவர்களுக்கும் மெடிகெய்டை விரிவாக்கிய மாநிலங்களில் 2027 ஜனவரி 1-க்குள் அதே 80 மணி வருகிறது, 13 வயதும் அதற்குக் கீழும் குழந்தை உள்ள பெற்றோருக்கு விலக்கு. டானஃப் நிபந்தனையைச் சரியாக நிறைவேற்றி வருபவர்களுக்கு இரண்டிலும் தனியாக நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் ஒரு ஆபீசில் இருப்பது இன்னொரு ஆபீசுக்குத் தெரியும் என்று எண்ண வேண்டாம். கையெழுத்திட்ட திட்டத்தையும் டைம் ஷீட்டையும் நீங்களே அங்கேயும் கொடுங்கள்.

கடைசியாக அந்தக் கெடு. மத்தியப் பணத்தில் வாழ்நாளில் 60 மாதம். அரிசோனா போன்ற சில மாநிலங்களில் அதைவிடக் குறைவு. டெக்சாஸில் படிப்பையும் அனுபவத்தையும் பொறுத்து 12, 24 அல்லது 36 மாதம். வேறு மாநிலத்தில் வாங்கிய மாதங்களும் இதில் சேரும். வேலை கிடைத்துக் கேஸை மூடும் அன்று, இதுவரை எத்தனை மாதம் ஓடியிருக்கிறது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எண்ணிக்கை தவறாக இருந்தால், குழந்தைக்கு மட்டும் உதவி வந்த மாதங்களைச் சேர்த்திருந்தால், ஆவணங்கள் கையில் இருக்கும் அப்போதே திருத்தச் சொல்லுங்கள். அந்தக் கடிதத்தைப் பிறப்புச் சான்றிதழ்கள் இருக்கும் ஃபைலிலேயே வையுங்கள்.